மேவா குல்லின் கண்ணளவு

"நூல் வச்சுக் குழி வெட்டுறவன் குருடன். நான் ஒரு ஆளைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரே ஒரு தரம் பாத்தாப் போதும், அவனோட கபர் இங்க வந்து உக்காந்துக்கும்" என்று மேவா குல் தம் வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார். "ஒரு விரக்கடை கூடாது, ஒரு விரக்கடை குறையாது. இதுவரைக்கும் தப்பினதில்ல. கியாமத்து நாள் வரைக்கும் தப்பாது."

இதை அவர் சொன்ன இடம் ஒரு கல்யாண விருந்து. மாப்பிள்ளை எதிரில் நின்றுகொண்டிருந்தான். சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டான்.

தற்பெருமை பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் சியாசங் கிராமத்தின் துரதிர்ஷ்டம், மேவா குல் பேசியது உண்மையாக இருந்தது. மற்ற ஊர்களில் மையத்து வீட்டிலிருந்து இறந்தவரின் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டிக் குழி வெட்டுகிறவரிடம் கொடுத்தனுப்புவார்கள். எங்கள் ஊரிலும் அனுப்புவோம். நூல் கபர்ஸ்தானுக்குப் போய்ச் சேரும்போது குழி தயாராக இருக்கும். நூலை உள்ளே விட்டுப் பார்த்தால் வாளும் உறையும் போலப் பொருந்தும்.

இந்தப் பொருத்தம் சின்ன விஷயம் இல்லை. குழி ஒரு சாண் நீண்டுவிட்டால் மிச்ச இடம் சும்மா கிடக்காது, ஆள் கேட்கும். வெட்டிய குழியை ஒரு ராத்திரி காலியாக விட்டாலும் அப்படித்தான். ஆற்றுக்கு அந்தப்பக்கத்து ஊரில் பார்வை மங்கிய ஒருவர் ஒரு சாண் கூடுதலாக வெட்டப்போய், நாற்பது நாளுக்குள் அந்த வீட்டிலேயே இன்னொரு நூல் வெட்ட வேண்டியதாயிற்று. மேவா குல் இருக்கும்வரை எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. எங்களுக்கு இருந்த ஒரே கவலை மேவா குல்தான்.

அவர் குட்டையான, மரியாதை தெரிந்த, இனிப்புப் பிரியரான மனிதர். பதினோரு பாதாம்பழ மரமும் ஒரு கழுதையும் சொத்து. குழி வெட்டுவதற்கு யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை, நன்மைக்காகச் செய்கிறார். ஆனால் பூனைக்கண். இமைப்பது குறைவு. அந்தக் கண் ஒருவனைக் காலிலிருந்து தலைக்கு ஏறிப் பார்த்தால், அவன் வீட்டுக்குப் போய் வெந்நீர் வைத்துக் குளித்துவிட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டு நல்ல புத்தி சொல்ல ஆரம்பிப்பான். ஆகவே ஊர் ஒரு தற்காப்பைக் கண்டுபிடித்தது. உட்கார்ந்திருக்கிறவனை அளக்க முடியாது. மேவா குல் தெருமுனையில் தலைகாட்டினால் நின்றவர்கள் எல்லாரும் உட்கார்ந்துவிடுவோம். சேறோ பனியோ, உட்கார்ந்துவிடுவோம். பள்ளிவாசலில் அவருக்கு எப்போதும் முதல் வரிசை. பக்தியைப் பாராட்டி இல்லை, அவர் கண்ணுக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது என்பதற்காக. முன்னால் நின்றாக வேண்டியவர் முல்லா துர்யாலை ஒருவர்தான். எங்கள் ஊரில் தொழுகை அவ்வளவு சீக்கிரமாக முடிந்ததற்கு அதுவே காரணம்.

இப்படி நாங்கள் உட்கார்ந்தும் எழுந்தும் வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான் டெல்மர் வந்தார்.

டெல்மர் ஓர் அமெரிக்கச் சார்ஜென்ட். சுடுவது அவருடைய வேலை இல்லை. எங்களோடு பழகுவதுதான் அவருடைய வேலை. அதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம், நான்கு கவச வண்டி, துப்பாக்கியோடு பதினாறு பேர், மொழிபெயர்க்கக் காபூலிலிருந்து தொப்பை விழுந்த ஃபரைதூன். டெல்மர் தம் ஊரில் கூரை போடுகிறவராம். எங்கள் பாஷையில் தில் என்றால் மனசு, மார் என்றால் பாம்பு. தில்மார் என்ற பெயரோடு ஒருவன் சிநேகம் தேடி வந்தால் எப்படி இருக்கும்? ஆனாலும் டீ கொடுத்தோம்.

மல்பெரி பழுக்கும் காலம். மரத்தடியில் ஊர்த்தலைவர் மலிக் யார்குல்லும் பன்னிரண்டு பேரும் நின்று, ஊருக்கு என்ன வேண்டும் என்று டெல்மரிடம் பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம், கிணறு, மலிக்கின் வீட்டுக்கு மட்டும் ஜெனரேட்டர். அப்போது கழுதையோடு மேவா குல் வந்தார். பதிமூன்று பேரும் ஒரே அடியாகத் தரையில் அமர்ந்தார்கள். முதலில் அமர்ந்தவர் மலிக்.

டெல்மர் இதைப் பார்த்தார். அவருடைய புருவம் உயர்ந்தது. நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினார்.

"உக்காரச் சொல்லுய்யா அந்த ஆளை!" என்று மலிக் கீழேயிருந்து ஃபரைதூனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"சார், உங்களையும் உக்காரச் சொல்றாங்க."

"அதெப்படி? பெரியவர் நிக்கிறப்ப நான் உக்காந்தா மரியாதையா இருக்குமா?" என்றார் டெல்மர். அதோடு நிறுத்தாமல், மரியாதையின் உச்சமாகத் தலைக்கவசத்தையும் கழற்றிவிட்டார். சரியான உயரம் தெரிந்துவிட்டது.

மேவா குல்லின் பார்வை பூட்ஸில் தொடங்கி மேலே ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. உச்சிக்குப் போய்ச் சேர நேரம் பிடித்தது. முல்லா கண்ணை மூடிக்கொண்டார்.

"போச்சு" என்றார் மலிக், மெதுவாக.

அன்றைக்கு டெல்மர் முகாமுக்கு எழுதி அனுப்பிய அறிக்கையைப் பற்றி ஃபரைதூன் பிற்பாடு சொன்னான். சியாசங்கில் உண்மையான அதிகாரம் மேவா குல் என்பவரிடம் இருக்கிறது, அவர் வந்தால் மலிக்கே தரையில் அமர்கிறார், இனி எந்த உதவியும் அவர் வழியாகவே போக வேண்டும். மேவா குல்லுக்கு அதுவரை அவருடைய கழுதை மட்டும்தான் கீழ்ப்படிந்து வந்தது.

அடுத்த வியாழக்கிழமை டெல்மர் நேராக அவரிடம் போனார். "மேவா குல் சாகிப், நீங்க சொல்லுங்க. இந்த ஊருக்கு என்ன வேணும்?"

மேவா குல் யோசித்தார். அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. "கபர்ஸ்தானுக்கு ஒரு சுவர். நாய் வருது."

மலிக் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்யா, கிணறு குடுக்குறேங்கிறான், பள்ளிக்கூடம் குடுக்குறேங்கிறான், நீ செத்தவனுக்குச் சுவர் கேக்குறியே?"

"உசிரோட இருக்கிறவனுக்கு நாயை விரட்டக் கை இருக்கு மலிக் சாகிப்."

தமக்கென்று ஒன்றும் கேட்காத தலைவர் என்று டெல்மர் இதையும் எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து வியாழன்தோறும் வருகை. மூட்டை நிறையப் பென்சில், கால்பந்து, கைப்பிடி சுற்றினால் பாடும் ரேடியோ. எல்லாம் மேவா குல் வழியாகத்தான். அவர் விநியோகிக்க, நாங்கள் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டோம். டெல்மர் மட்டும் நின்றார். சம்மணம் போட அவருடைய கவசம் இடம் தரவில்லை. உட்காருங்கள் என்று நாங்கள் கெஞ்சக் கெஞ்ச, எவ்வளவு உபசாரம் தெரிந்த ஜனங்கள் என்று அவர் நெகிழ்ந்தார்.

எங்களுக்கு அந்த மனிதர்மேல் ஆசை என்று சொல்ல மாட்டேன். எங்கள் பயம் நியாயமான பயம். மேவா குல்லின் கண் ஓர் ஊர்க்காரனைக் கொண்டுபோனால் அழுது புதைத்துவிடலாம். டெல்மரை எங்கள் பாதையில், எங்கள் மதகடியில் வைத்துக் கொண்டுபோனால், அப்புறம் வருவது நோட்டுப் புத்தகம் இல்லை. கதவை உடைத்துக்கொண்டு வருவார்கள். மேலிருந்தும் வருவார்கள். நாற்பத்தெட்டு வீட்டின் கதி அந்த ஒருவருடைய உயரத்தில் தொங்கியது.

மேவா குல்லின் பயம் வேறு. டெல்மர் வந்த பிறகு பெய்த முதல் மழையில் அவர் வீட்டுக் கூரை ஒழுகிற்று. அதைக் கேட்ட டெல்மர், "அட, இது என்னோட தொழில்" என்று கவசத்தோடு மேலே ஏறி, முழங்கால்வரை மண்ணைக் குழைத்து ஒரு மத்தியானம் முழுக்க வேலை செய்தார். கீழே மேவா குல்லின் மனைவி ஷாபிரை, "கூரையோட சேத்து உள்ள விழுந்து தொலைக்கப் போறான்" என்று சொல்லிக்கொண்டே அவருக்குக் கீரை வைத்து ரொட்டி சுட்டாள். கூரை அதற்கப்புறம் ஒழுகவில்லை. நாங்கள் அறிந்தவரை, மேவா குல்லுக்கு யாரும் நின்றபடி செய்த ஒரே உதவி அதுதான்.

அதிலிருந்து அவர் டெல்மரின் பூட்ஸை மட்டுமே பார்த்துப் பேசினார். ஷாபிரை தந்தூர் அடுப்படியில் மற்றப் பெண்களிடம் சொன்னது:

"'ரஹீலா அப்பா, அந்த ஆளை நிமிந்து பாக்காதீங்க'ன்னு சொன்னேன். 'பாக்கலடி, பூட்ஸை மட்டும்தான் பாக்குறேன்'ங்கிறாரு. 'பூட்ஸைப் பாத்தே மிச்சத்தைப் போட்டுருவீங்க, எனக்குத் தெரியாதா?'ன்னேன். ரொட்டியை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுட்டாரு."

இலையுதிர் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிந்ததும் தம் தகப்பனாருக்கு ஃபாத்திஹா ஓதக் கபர்ஸ்தானுக்குப் போன முல்லா, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

அங்கே ஒரு புதுக் குழி. வடக்கே தலை, தெற்கே கால். மேற்குச் சுவரில் உடலை வைக்கும் பக்கக்குழி, பாலாடைக்கட்டியைக் கத்தியால் அரிந்தது போன்ற ஓரம். மூடுவதற்கான பலகைக்கல் வரிசையாக அடுக்கியிருந்தது. மண்வெட்டியும் கடப்பாரையும் முறைப்படி குழியின்மேல் குறுக்கே கிடந்தன. எந்தக் குறையும் இல்லாத கபர். மையத்து மட்டும் இல்லை.

"யாரு மௌத்து?" என்று ஒருவரை ஒருவர் கேட்டோம். வீடு வீடாக எண்ணினோம். ஆறு மாதமாகப் படுக்கையில் கிடந்த தையல்காரர் சித்தீக்கை மூன்று பேர் போய் உலுக்கினார்கள்.

"இருக்கீங்களா காக்கா?"

"இருக்கேன். எதுக்குடா அவசரப்படுத்துறீங்க?"

ஊரிலேயே உயரமானவன் மாவு மில் ஜல்மை. அவனைக் குழிக்குள் இறங்கச் சொன்னோம். அவன் எங்கள் எல்லாருடைய தாய்மார்களையும் விசாரித்துவிட்டு மறுத்தான். ஒரு கம்பை அவன் உயரத்துக்கு வெட்டி உள்ளே வைத்துப் பார்த்தோம். கம்பு போக இரண்டு சாண் மிச்சம். அவ்வளவு நீளமான ஆளை நாங்கள் அறிவோம். யாரும் பெயரைச் சொல்லவில்லை.

மேவா குல் வந்தார். நாங்கள் உட்கார்ந்தோம். குழியின் விளிம்பில் குனிந்து ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"நான் வெட்டல."

"இது யாரு கை?" என்றார் மலிக்.

"என் கைதான். ஆனா நான் வெட்டல."

மண்வெட்டியும் அவருடையதுதான். முந்தின சாயங்காலம் வீட்டுச் சுவரில் மாட்டியதாகச் சொன்னார். உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்ததாக ஷாபிரை சத்தியம் செய்தாள். முல்லா அவருடைய உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். நான்கு புதுக் கொப்புளம். மேவா குல்லும் அதை அப்போதுதான் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை வேறு யாருடையதோ போலத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

குழியை மூடினோம். புதன்கிழமை காலையில் அது திறந்திருந்தது. முதல் நாள் கிழக்கே குவிந்திருந்த மண் இப்போது மேற்கே குவிந்திருந்தது. பனி விழுந்து ஊறிய தரையில் எங்களுடைய பழைய காலடிகள் தவிரப் புதிதாக ஒன்றும் இல்லை. கொப்புளம் ஆறாக ஆகியிருந்தது.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் கூடினோம். தொழுகை அன்றைக்கு இன்னும் சீக்கிரமாக முடிந்திருந்தது.

"சும்மா மண்ணள்ளிப் போட்டா மூடாது" என்றார் முல்லா துர்யாலை. "பாப்ளார் மரத்துண்டு ஒண்ணைக் கஃபன் துணி சுத்தி உள்ள வச்சு மூடணும். ஆனா ஆளுக்குன்னு வெட்டின குழி மரத்தை ஏத்துக்காது. தப்பா வெட்டின குழின்னாத்தான் ஏத்துக்கும். வெட்டினவனே தன் வாயால சொல்லணும், தப்புன்னு. நூல் வச்சு நிரூபிக்கணும்."

எல்லாரும் மேவா குல்லைப் பார்த்தோம்.

"என் கை தப்பா வெட்டாது" என்றார் அவர்.

"வெட்டவே இல்லைன்னு நேத்து சொன்னே!" என்று மலிக் குதித்தார்.

"வெட்டல. வெட்டியிருந்தா சரியாத்தான் வெட்டியிருப்பேன்."

"ஏன்யா, ரெண்டே வார்த்தை. 'தப்பா வெட்டிட்டேன்'னு சொன்னா நாக்கு அழுகிடுமா? அந்த ஆளு உன் கூரை மேல ஏறினானே, அதையாவது நெனச்சுப் பாரு!"

மேவா குல் எழுந்து போய்விட்டார். அவரைத் திட்ட எங்களுக்கு மனசு வரவில்லை. முப்பது வருஷமாக ஊரே அவரைக் கண்டு தரையில் சரிந்தது. யார் வீட்டிலாவது விருந்தென்றால் பெரும்பாலும் அவருக்குப் பங்கு கதவுக்கு வெளியே போகும். மகள் கல்யாணத்துக்குக்கூட மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தபடியே வந்து உட்கார்ந்தபடியே போனார்கள். இத்தனைக்கும் பதிலாக அவரிடம் இருந்தது அந்தக் கண்ணளவு ஒன்றுதான்.

மலிக் முகாமுக்கு ஆள் அனுப்பினார். பாதை உடைந்துவிட்டது, இந்த வியாழன் வர வேண்டாம். மலிக்குக்கு மேவா குல்மேல் பொறாமை என்று டெல்மரின் நோட்டுப் புத்தகத்தில் ஏற்கெனவே இருந்தது. ஆகவே வியாழக்கிழமை, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே நான்கு வண்டியும் வந்து நின்றன. புதன்கிழமை மறுபடி மூடிய குழி அன்று காலையிலும் திறந்துதான் இருந்தது.

டெல்மர் சிரிக்கவில்லை. ஃபரைதூன் மொழிபெயர்த்தான்.

"மூணு ராத்திரியா உங்க கபர்ஸ்தான்ல யாரோ தோண்டுறாங்களாம். பலூன் பாத்திருக்காம்."

முகாமுக்கு மேலே ஒரு வெள்ளைப் பலூன் செத்த மீனைப் போல எந்நேரமும் மிதந்துகொண்டிருக்கும். அதன் வயிற்றில் ஒரு கேமரா. நாங்கள் பார்க்காதபோதும் அது பார்க்கும். மேவா குல்லிடமிருந்து உட்கார்ந்து தப்பலாம், அதனிடமிருந்து அதுவும் முடியாது.

"வெடி புதைக்கிறாங்கன்னு இவரோட ஆபீசர் சொல்றாராம். இன்னொரு ராத்திரி தோண்டினா கேட்டுக்கிட்டு நிக்க மாட்டாங்களாம், அங்கேருந்தே அடிச்சிருவாங்களாம். அங்க மேவா குல் சாகிப் இருக்காரு, நான் நேர்ல கேட்டுட்டு வரேன்னு சண்டை போட்டு ஒரு நாள் வாங்கிட்டு வந்திருக்காராம்."

மலிக் கொஞ்சம் யோசித்தார். "அப்போ தோண்டுறவன் யாருன்னு பலூனுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

ஃபரைதூன் கேட்டான். டெல்மர் கழுத்தைச் சொறிந்துகொண்டு ஏதோ சொன்னார். ஃபரைதூன் உடனே மொழிபெயர்க்கவில்லை.

"சொல்லுய்யா."

"ஆளு தெரியலையாம். மண்ணு மட்டும் மேல வருதாம். கேமராவுல ஏதோ கோளாறுங்கிறாங்க."

நாங்கள் எல்லாரும் பலூனை நிமிர்ந்து பார்த்தோம். அப்புறம் மேவா குல்லின் கையைப் பார்த்தோம்.

கபர்ஸ்தானுக்கு நடந்தோம். டெல்மரின் ஆட்கள் வெடி தேடும் நீளக்கம்புக் கருவியை மண்ணுக்கு மேலே ஆட்டிப் பார்த்தார்கள். அது ஒரு முனகல்கூட முனகவில்லை. டெல்மர் குழியின் விளிம்பில் போய் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். காற்று இல்லை. ஆனாலும் கபர்களின்மேல் நட்டிருந்த கொடித்துணிகள் எல்லாம் அவர் பக்கமாகச் சாய்ந்திருந்தன. நான் கண்டதைச் சொல்கிறேன்.

"யாருக்கு இது?" என்று டெல்மர் கேட்டார்.

ஃபரைதூன் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

மேவா குல் முன்னால் வந்தார். நான்கு மாதமாகப் பூட்ஸிலேயே நின்றிருந்த அந்தக் கண் மெல்ல மேலே ஏறியது. முழங்கால், இடுப்பு, தோள், முகம். பிறகு குழிக்கு இறங்கியது. மறுபடி முகத்துக்குப் போனது. பொருந்துகிறதா என்று நாங்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"யாருகிட்டயாவது நூல் இருக்கா?" என்றார்.

எங்கள் காதை நாங்களே நம்பவில்லை. நம்பிய பிறகு ஆளாளுக்குச் சட்டைப்பையைத் தடவினோம். அவசரத்துக்கு எங்கே போவது நூலுக்கு? கடைசியில் மாவு மில் ஜல்மை, ஊர் நன்மைக்காக என்று சொல்லித் தன் கால்சட்டை நாடாவை உருவிக் கொடுத்தான். அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் அவன் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடிதான் பார்த்தான்.

"எதுக்கு?" என்றார் டெல்மர்.

"உங்களுக்கு நீள அங்கி ஒண்ணு தைக்கப் போறாங்களாம் சார்" என்றான் ஃபரைதூன். காபூல் கல்லூரியில் நான்கு வருஷம் படித்தது வீண் போகவில்லை. "அளவு எடுக்கணுமாம்."

டெல்மரின் முகம் மலர்ந்தது. தலைக்கவசத்தைக் கழற்றினார். மேவா குல்லின் தலை அவருடைய நெஞ்சுக்குத்தான் வந்தது. "எட்டாதே. நான் படுத்துக்கட்டுமா?"

"வேண்டாம்!" என்று அத்தனை பேரும் கத்தினோம். துப்பாக்கிக்காரர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

மேவா குல் ஒரு பலகைக்கல்லின்மேல் ஏறினார். உச்சந்தலையில் நாடாவை வைத்து, முதுகு வழியாகக் குதிகால்வரை விட்டார். அந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டார். கூசுகிறது என்று டெல்மர் சிரித்தார். அப்புறம் மேவா குல் பிடியை விடாமல் குழிக்குள் இறங்கினார். உள்ளே அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. வடக்குச் சுவரில் ஒரு நுனியை வைத்து, குனிந்தபடியே தெற்கே நகர்ந்தார். தெற்குச் சுவருக்கு முன்னாலேயே கை நின்றுவிட்டது.

"ஒரு சாண் கூடுதலா இருக்கு" என்றார் குழிக்குள்ளிருந்து.

முல்லா குனிந்து பார்த்தார். நாடாவின் முனைக்கும் சுவருக்கும் நடுவே தம் கையை விரித்து வைத்தார். சரியாக ஒரு சாண்.

"சொல்லு" என்றார் முல்லா. "கேக்குற மாதிரி சொல்லு."

"இது இவருக்கு இல்ல. யாருக்கும் இல்ல." மேவா குல் நிமிரவில்லை. "நான் தப்பா வெட்டிட்டேன்."

பள்ளிவாசல் கூரைக்கு வைத்திருந்த பாப்ளார் மரத்துண்டைத் தூக்கி வந்தோம். முல்லா தம் வெள்ளைத் தலைப்பாகையையே அவிழ்த்து அதைச் சுற்றினார். டெல்மரும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். மரத்தை எதற்குப் புதைக்கிறார்கள் என்று ஃபரைதூனைக் கேட்டார். "வழக்கம் சார்" என்றான் அவன். பலகைக்கல் வைத்து மண் தள்ளினோம். மேவா குல் மட்டும் இடது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வலது கையாலேயே மண் தள்ளினார். கொப்புளம் வலிக்கிறது போலும் என்று நினைத்தோம். ஒரு ஜனவரி மழைக்கும் அசையாதபடி மேடு இறுகியது. டெல்மர் எல்லாருக்கும் கை கொடுத்து, அங்கி எப்போது தயாராகும் என்று கேட்டுவிட்டு வண்டியேறினார்.

ஊருக்கு வெளியே ஒரே ஒரு மதகு. வண்டி வெடித்தால் அங்கேதான் வெடிக்கும். போன வருஷம் வேறொரு படையின் வண்டி அங்கேதான் வெடித்தது. கபர்ஸ்தான் மேட்டிலிருந்து நாங்கள் நின்று பார்த்தோம். ஆமாம், மேவா குல் பக்கத்தில் இருக்கும்போது நின்றோம். முதல் வண்டி மதகில் ஏறி இறங்கியது. இரண்டாவது. மூன்றாவதில்தான் டெல்மர். அது மதகின்மேல் போய் நின்றுவிட்டது. யாரோ 'யா அல்லா' என்றார்கள். எதிரே ஓர் ஆட்டுக்கூட்டம். ஆடுகள் அவசரப்படவில்லை. கடைசி ஆடு கடந்ததும் வண்டி நகர்ந்தது. நான்காவதும் போயிற்று. புழுதி அடங்கியது. இயந்திரச் சத்தம் தேய்ந்து, இல்லாமல் போயிற்று.

ஜனங்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே வீட்டுக்கு இறங்கினார்கள். நானும் ஜல்மையும் மட்டும் பின்தங்கினோம். அவனுக்கு நாடா வேண்டியிருந்தது.

மேவா குல் மேட்டுக்கு எதிரில் குந்தியிருந்தார். சட்டைக்குள்ளிருந்து இடது கையை மெல்ல வெளியே எடுத்தார். நாடா அவருடைய உள்ளங்கையை ஒரு முழுச் சுற்று சுற்றியிருந்தது. இறுக்கியதில் விரல்நுனிகள் நீலம் பாய்ந்திருந்தன. சுற்றை அவிழ்த்து நேராக்கினார். ஒரு சாண்.

ஜல்மைக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் இடுப்பைப் பிடித்திருந்த கையே தளர்ந்துவிட்டது. "காக்கா" என்றான் கிசுகிசுவென்று. "அப்போ குழி சரியாத்தானே இருந்திருக்கு?"

மேவா குல் மதகைப் பார்த்தார். அதன்மேல் ஆட்டுப்புழுக்கை தவிர வேறு ஒன்றும் இல்லை.

"வண்டி போயிடுச்சு பாரு" என்றார். "தப்பாத்தான் வெட்டியிருக்கேன்."